முதன்முதலாகப் படக்கருவியைக் கையாளுதல்

தலைமையாசிரியர்

  

இவ்வாண்டு நம் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் சிறிய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி அளித்துள்ளனர். இதனை இலக்கமுறைப் படக்கருவி எனத் தமிழில் வழங்குவர். பெட்டியைத் திறந்த அன்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, அப்பாவின் கைப்பேசியிலேயே கேமரா இருக்கிறதே, இது எதற்கு?" என்று வினவினான். நல்ல வினா. அதற்குரிய விடையைக் கட்டுரையின் முடிவில் கூறுகிறேன். கைப்பேசியில் அமைந்திருப்பதும் இதே வகைக் கருவியே ஆதலால், இங்குக் கூறப்படும் முறைகளுட் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

1. ஓர் அம்மையாரின் முதல் முயற்சி

ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கில அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். நம் மலைக்குப் பெயர் தந்தவர், 1885ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை அளவாய்வு செய்த வில்லியம் கேமரன் ஆவார். பெயர் ஒத்திருப்பினும் இவர் வேறு, அவர் வேறு.

1863ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இங்கிலாந்தில் வாழ்ந்திருந்த அவ்வம்மையாருக்கு அவருடைய மகளும் மருமகனும் ஒரு படக்கருவியைப் பரிசாக அளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. அக்கலையை அவர் அதற்கு முன் முறையாகப் பயின்றவரல்லர். வீட்டின் நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கோழிக் கூண்டைக் கண்ணாடி அறையாக மாற்றிப் படம் பிடிக்கும் கூடமாக்கினார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டின்மேல் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவியாக வேண்டும். எதிரே அமர்ந்திருப்பவர் சில நிமிடம் அசையாதிருத்தல் வேண்டும். முதற் படத்தைப் பிடித்த அம்மையார், மருந்து பூசிய பக்கத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார்! ஆயினும் மனந்தளரவில்லை. 1864ஆம் ஆண்டு ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியைப் பிடித்த படமே தமது முதல் வெற்றி என அவர் குறித்துள்ளார். பின்னாளில் உலகம் போற்றும் நிழற்படக் கலைஞராக விளங்கினார்.

முதல் முயற்சியிற் பிழை நேர்வது இயல்பு என்பதை இதனால் அறிகிறோம். நம் கருவியில் பிழையான படத்தை அழித்துவிட்டு மறுபடியும் பிடிக்கலாம், செலவு ஏதுமில்லை. ஆகவே அஞ்சாது பழகுங்கள். இவ்வம்மையாரைப் பற்றிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

2. கருவியின் உள்ளே நிகழ்வது யாது?

நம் கண்ணைப் போன்றதே படக்கருவியும். முன்புறமுள்ள வில்லை ஒளியைக் குவிக்கிறது. பழைய கருவிகளில் அவ்வொளி பிலிம் சுருளின்மேல் விழுந்தது. இலக்கமுறைக் கருவியிலோ உணரி எனப்படும் சிறு சில்லின்மேல் விழுகிறது. உணரியின் பரப்பு முழுவதும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய கட்டங்கள் அடுக்கப்பட்டிருக்கும். மழைநாளில் முற்றத்தில் வரிசையாக வைத்த வாளிகள் மழைநீரைப் பிடிப்பது போல, ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியைப் பிடிக்கும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதைக் கருவி எண்ணாக மாற்றி எழுதிக்கொள்ளும். அவ்வெண்களின் தொகுப்பே படம். இதனால்தான் இலக்கமுறை என்னும் பெயர் வந்தது. இக்கட்டங்களைப் படப்புள்ளிகள் என்கிறோம்.

வண்ணம் எவ்வாறு வருகிறது? கட்டங்களின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறமுடைய நுண்ணிய வடிகட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பாதி பச்சை. கால் பங்கு சிவப்பு. கால் பங்கு நீலம். மனிதக் கண் பச்சை ஒளியை மிகுதியாக உணர்வதால் பச்சைக்கு இரு பங்கு அளிக்கப்பட்டது. இம்முறையை வகுத்தவர் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்திற் பணியாற்றிய பிரைஸ் பேயர். இதற்கு 1976ஆம் ஆண்டில் காப்புரிமை வழங்கப்பட்டது.

ஒளியை மின்னேற்றமாக மாற்றும் சில்லுக்கு அடிகோலியவர்கள் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவர். 1969ஆம் ஆண்டில் செய்த அப்பணிக்காக அவர்கள் 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். அத்தகைய சில்லைக் கொண்டு 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் இலக்கமுறைப் படக்கருவியை அமைத்தார். அதன் எடை மூன்றரைக் கிலோவுக்கும் மேல். ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடிகள் ஆயின. அதில் இருந்த படப்புள்ளிகள் குறுக்கே 100, நெடுக்கே 100, ஆக 10,000. நம் பள்ளிக் கருவியில் குறுக்கே 4,608, நெடுக்கே 3,456. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 16 மில்லியன்! சாசனின் கருவியைப் போல் ஏறக்குறைய 1,600 மடங்கு.

3. கருவியை ஆயத்தம் செய்தல்

புதிய கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் படம் பிடிக்க முனைதல் கூடாது. கீழ்க்காணும் ஒழுங்கைப் பின்பற்றுக.

முதலாவது: கைவாரை மாட்டுக. கை தவறினாலும் கருவி தரையில் விழாது. படம் பிடிக்கும்போதெல்லாம் வார் மணிக்கட்டில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது: பேட்டரியை முழுமையாக மின்னேற்றுக. மின்னேற்றியிலுள்ள விளக்கு நிறம் மாறும், அல்லது அணைந்துவிடும். பேட்டரியில் உள்ள அம்புக் குறியைப் பார்த்து அத்திசையிலேயே செருகுக. எளிதில் உட்செல்லவில்லையெனில் திசை தவறு என்று பொருள். வலிந்து தள்ளுதல் ஆகாது.

மூன்றாவது: கருவியை அணைத்துவிட்டு மெமரி கார்டைச் செருகுக. அதன் பொன்னிறப் பட்டைகளை விரலால் தொடாதீர். கார்டின் ஓரத்தில் சிறு தாழ் ஒன்று உண்டு. அது பூட்டு நிலையில் இருப்பின் கருவி படத்தை ஏற்காது. பழுது என்று கருதிக் கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் இத்தாழைப் பார்த்திடுக.

நான்காவது: நாளையும் நேரத்தையும் சரியாகக் குறித்திடுக. பலர் இதனைப் பொருட்படுத்தாது கடந்து செல்வர். கருவி ஒவ்வொரு படத்தோடும் அது பிடிக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் மறைவாக எழுதி வைக்கிறது. கடிகாரம் பிழையாயின் எல்லாப் படமும் பிழையான நாளைச் சுமக்கும். பத்தாண்டு கழித்து அதனைத் திருத்துவார் யார்? பேட்டரியைப் பல நாள் கழற்றி வைத்தால் கடிகாரம் மாறிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் ஒருமுறை சரிபார்த்தல் நலம்.

ஐந்தாவது: புதிய கார்டைக் கருவியிலேயே ஒருமுறை வடிவமைத்திடுக. இதனை 'பார்மட்' செய்தல் என்பர். இது கார்டில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடும். படங்கள் உள்ள கார்டை, அவற்றை வேறிடத்திற் சேமித்த பின்னரே வடிவமைத்தல் வேண்டும்.

ஆறாவது: படத்தின் அளவைப் பெரியதாக வைத்திடுக. சிறிய படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கினால் தெளிவு குன்றும்.

4. படம் பிடிக்கும் முறை

இரு கைகளாலும் கருவியைப் பற்றுக. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வலக்கைச் சுட்டு விரலால் பொத்தானைப் பாதியளவு அழுத்துக. கருவி தூரத்தைக் கணித்து, முகத்தைத் தெளிவாக்கி, திரையிற் பச்சைக் கட்டத்தைக் காட்டும். பின்னர் மூச்சை ஒரு கணம் நிறுத்தி மெதுவாக முழுதும் அழுத்துக. ஒரே அடியாக அழுத்துவோர்க்குப் படம் கலங்கி வரும்.

ஒளியைக் கவனிக்கப் பழகுங்கள். சூரியன் மனிதருக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். நண்பகல் வெயிலில் கண்குழியில் நிழல் விழும். காலை எட்டு மணி அளவிலும் மாலை நேரத்திலும் ஒளி மென்மையாக இருக்கும். வீட்டினுள் படம் பிடிப்பதாயின் சன்னலருகே அமரச் செய்க. சிறுவரைப் பிடிக்கும்போது நீங்களும் மண்டியிட்டு அவர்கள் கண்மட்டத்திற்கு வருக.

நம் மலைக்கே உரிய சில இடர்கள் உள. பனிமூட்டத்தில் பிடித்த படம் அழுக்கு வெள்ளையாய், மங்கலாய் வருவதைக் கண்டிருப்பீர்கள். கருவி தான் காணும் காட்சி எதுவாயினும் நடுத்தர வெளிச்சமுடையது என்றே கருதிக் கணக்கிடும். வெண்பனியைக் கண்டு வெளிச்சம் மிகுதி என எண்ணித் தானே குறைத்துவிடும். எனவே பனிநாளில் ஒளிச்சரிசெய்யும் குறியைக் கூட்டல் ஒன்றில் வைத்தால் பனி வெண்மையாகத் தோன்றும். மேலும், பனியில் 'பிளாஷ்' எனப்படும் மின்னொளியைப் பயன்படுத்தினால் காற்றிலுள்ள நீர்த்துளிகள் அவ்வொளியைத் திருப்பி அனுப்பும். படம் முழுவதும் வெண்புள்ளிகள் விழும். ஆதலின் அதனை அணைத்திடுக. இரவில் திருவிழாத் தேரைத் தொலைவிலிருந்து பிடிப்போர்க்கும் அது உதவாது. சிறு கருவியின் மின்னொளி மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது.

5. ஈரத்திலிருந்து காத்தல்

குளிர்ந்த பொருள் ஈரமான வெப்பக் காற்றைத் தொட்டால் அதன்மேல் நீர் படியும். விடியற்காலைக் குளிரில் வெளியே வைத்திருந்த கருவியை நீர் கொதிக்கும் அடுப்பங்கரைக்குள் கொண்டு வந்தால் வில்லை வியர்த்துவிடும். குளிரூட்டிய பேருந்தில் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவிற்கு இறங்குவோரும் இதனைக் காண்பர். இதனைத் தடுக்க, கருவியை ஒரு ஞெகிழிப் பையிலிட்டு வாயை இறுகக் கட்டுக. கருவி சுற்றுப்புறத்தின் வெப்பத்தை அடைந்த பின்னர்ப் பையைத் திறந்திடுக. நீர் பையின்மேல் படியுமேயன்றிக் கருவியிற் படியாது.

நம் மலையின் ஈரக் காற்றில் வில்லையின் உட்புறம் பூஞ்சணம் பற்றுவதும் உண்டு. சிலந்திவலை போல் படர்ந்து வில்லையைக் கெடுத்துவிடும். காற்றுப் புகாத ஞெகிழிப் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப்பைகளோடு கருவியை வைத்திடுக. தோலுறையில் இட்டு அலமாரியிற் பூட்டி வைத்தல் தீது. தோல் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும்.

6. பண்பறிந்து பிடித்தல்

ஒருவரைப் படம் பிடிக்குமுன், "ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா, பாட்டி?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். துக்க வீட்டிலும் நோயாளியின் அருகிலும் கருவியை நீட்டாதீர். நண்பர் வழுக்கி விழுந்ததைப் பிடித்துப் பிறருக்குக் காட்டி நகைப்பது நல்லோர் செயலன்று. பிள்ளைகளின் படத்தை அறிமுகமில்லாதவர்க்கு அனுப்புதல் கூடாது என்பதைப் பெற்றோரும் நினைவிற் கொள்க.

7. பெயரில்லாப் படங்கள்

இனி, கேமரன் அம்மையாரிடம் மீண்டும் செல்வோம். அவருடைய கணவருக்கு இலங்கையிற் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875ஆம் ஆண்டு குடும்பத்தோடு அங்குக் குடியேறிய அம்மையார், தம் கருவியையும் உடன் கொண்டு சென்றார். தோட்டத் தொழிலாளரையும் களுத்துறைப் பகுதி மக்களையும் படம் பிடித்தார். அவர்களுட் பலர் தமிழர் என ஆய்வாளர் கருதுவர். 1879ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் இலங்கை மலைநாட்டிலேயே காலமானார். அங்கு அவர் பிடித்த படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன.

இங்கிலாந்தில் அவர் பிடித்த கவிஞர், அறிஞர் ஆகியோர் படங்களின் கீழ்ப் பெயர்கள் உள்ளன. இலங்கைப் படங்களிற் காணப்படும் எளிய மக்களுக்கோ பெயர் இல்லை. ஒரு படத்தின் கீழ், அச்சிறுமிக்கு 12 வயது என்றும், அருகிலுள்ள முதியவர் தம்மை அவள் தந்தை என்றும் தமக்கு 100 வயது என்றும் கூறுகிறார் என்றும் குறித்துள்ளார். வயதைக் கேட்டவர் பெயரை எழுதவில்லை. அச்சிறுமியின் முகம் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக நம்மை நோக்குகிறது. அவளை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதைக் கூறுவார் இல்லை.

அப்பிழையை நானும் செய்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டுப் பணிக்கு வந்த புதிதில், பிலிம் கேமராவினால் கொழுந்துக் கூடையோடு நின்ற ஓர் அம்மையாரைப் படம் பிடித்தேன். படத்தின் பின்புறம் 'கொழுந்தெடுக்கும் பெண்' என்று மட்டும் எழுதினேன். பல ஆண்டுகள் கழித்து ஈப்போவிலிருந்து ஒரு பெண்மணி பள்ளிக்கு வந்தார். தம் பாட்டி இம்மலையிற் கொழுந்தெடுத்தவர் என்றும், அவருடைய படம் ஒன்றுகூடத் தம் குடும்பத்தில் இல்லை என்றும் கூறினார். என்னிடம் இருந்த படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவராகவும் இருக்கலாம், ஐயா. எனக்கு நினைவு தெரியுமுன்பே பாட்டி இறந்துவிட்டார்" என்று கூறிப் படத்தைத் திருப்பித் தந்தார். ஒரு சொல் எழுதியிருந்தால் அவர் அதனை நெஞ்சோடு அணைத்து எடுத்துச் சென்றிருப்பார். அல்லது தம் பாட்டி அல்லர் என்றேனும் தெளிந்து சென்றிருப்பார். எழுதுகோல் அன்றும் என் சட்டைப் பையிலேதான் இருந்தது.

8. படத்தைப் பேணும் முறை

ஆகவே ஒவ்வொரு படத்திற்கும் நான்கு செய்திகளை எழுதி வைத்தல் வேண்டும்: யார், எங்கே, எப்போது, பிடித்தவர் யார். குழுப்படமாயின் இடமிருந்து வலமாகப் பெயர்களை வரிசைப்படுத்துக. கருவி தானே இடும் எழுத்தும் எண்ணும் கலந்த பெயரை நீக்கி, கணினியில் ஆண்டு, திங்கள், நாள், பெயர் என்னும் ஒழுங்கில் பெயரிடுக. நாளைக் கருவியே எழுதிக்கொள்ளும். பெயரை எழுதும் ஆற்றல் அதற்கில்லை. அதனை நாமே செய்தல் வேண்டும்.

முதன்மையான படங்களுக்கு மூன்று படிகள் இருத்தல் நலம். ஒன்று கணினியில், ஒன்று தனியான சேமிப்புக் கருவியில், ஒன்று வேறோர் இடத்தில், உறவினர் வீட்டிலேனும் இருக்கட்டும். ஆண்டுக்குச் சில படங்களையேனும் அச்சிடுக. அச்சுப் படத்தின் பின்புறம், ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதுக. பால்பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறம் தடம் விழும்.

இப்போது அம்மாணவனின் வினாவிற்கு விடை கூறுவோம். கைப்பேசி ஒருவருக்கு உரியது. அது உடைந்தால், ஓடையில் விழுந்தால், மாற்றப்பட்டால், அதனுள் இருந்த ஆயிரம் படங்களும் அதனோடு போகக்கூடும். பள்ளிக் கருவியால் எடுக்கும் படங்களைப் பெயரோடும் நாளோடும் பதிவேட்டிற் சேர்த்து, அனைவர்க்கும் பொதுவாகப் பேணப் போகிறோம். கைப்பேசியில் எடுத்த படத்தையும் அவ்வாறு பேணினால் அதுவும் இதற்கு நிகரே.

1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். அவர் பெயர் நூல்களில் உள்ளது. காட்டை வெட்டி, சரிவிற் செடி நட்டு, பனியில் நனைந்து கூடை சுமந்த நம் முன்னோரின் பெயர்கள் எத்தனை நூல்களில் உள்ளன? கையாற் கொழுந்து கிள்ளிய காலம் பெரும்பாலும் மறைந்து, கத்தரியும் இருவர் பிடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் கற்று, நகரங்களுக்குச் செல்கின்றனர். அது நாம் விரும்பியதே. ஆனால் கூடை சுமந்த கைகளை உடைய முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே சென்று அமர்ந்து, அவர்கள் கூறுவதைக் கேட்டு, ஒரு படம் பிடித்து, பெயரையும் எழுதி வைப்போமாக.

பயிற்சி

1. பனிமூட்டத்தில் மின்னொளியை ஏன் அணைத்தல் வேண்டும்?

2. உணரியிலுள்ள வடிகட்டிகளுட் பச்சை நிறத்திற்கு இரு பங்கு அளிக்கப்பட்ட காரணம் யாது?

3. சாசனின் கருவியில் ஒரு படத்திற்கு 23 விநாடிகள் ஆயின. நம் பள்ளி நான்காம் ஆண்டு வகுப்பில் உள்ள 12 மாணவரையும் தனித்தனியே பிடிக்க எத்தனை விநாடிகள் ஆகியிருக்கும்?

4. கேமரன் அம்மையாரின் முதற் படம் எவ்வாறு கெட்டது?

5. உங்கள் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றை எடுங்கள். அதில் உள்ளோர் அனைவரின் பெயரையும் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரியாதவர் இருப்பின், அவரை அறிந்தவர் தோட்டத்தில் யார் உளர் என்று விசாரித்து, அடுத்த வாரம் வகுப்பிற் கூறுங்கள்.